ஓடுபாதையின் நடுவே செடிவேலி

சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதைமேல் நிற்கிறோம்: நானும், சின்ன வீடுகளில் குடியிருக்கும் மூன்று பெண்களும். இந்தப் புதுக் குடியிருப்பின் தோட்டத்துக்கு பிளான் வரைந்த சார், என் முதலாளி, வரவில்லை. ஓடுபாதையைச் சரித்திரச் சின்னமாக நடுவில் விட்டு, ஒருபுறம் பெரிய ஃபிளாட்டுகள், மறுபுறம் சின்ன வீடுகள் கட்டியிருக்கிறார்கள்; மெயின் ரோடு ஃபிளாட்டுகள் பக்கம். இடையில் இட்லிப்பூச் செடிவேலி வைக்க நான் சுண்ணாம்புக்கோடு போடுகிறேன். அவர்களில் மூத்தவரான தேசம்மா கோட்டை மிதித்துக்கொண்டு நிற்கிறார்.

“பிளேனு எறங்குன எடம் நைனா இது. எங்க காலு பட்டா தேஞ்சிடுமா? சுத்திக்கினு போறதுக்குள்ள கம்பெனி பஸ்ஸு பூடும், அன்னிக்கிக் கூலியும் பூடும்.”

“சார் சொன்னதைத்தான் போடறேன்க்கா.”

“அப்ப அவருக்கே போன் போடு.”

மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் அடிக்கிறது. மூவரும் அசையவில்லை. நான் போனில் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே பஸ் கிளம்பிவிடுகிறது. அதற்கப்புறம்தான் சார், “சரி, நடுவுல ஒரு ஆள் போற அளவுக்கு வழி விடு” என்கிறார்.

அந்த வழிக்கு அவர்கள் கொடுத்தது, ஆளுக்கு ஒருநாள் கூலி ஐந்நூறு ரூபாய்.