பின்னால் வருபவரைப் பார்த்து நீந்தியவர்

என் அப்பா அந்தோணி யாரையும் நம்பமாட்டார். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் அவருக்குச் சுண்ணாம்புக் குழி வேலை. மதியச் சாப்பாட்டுக்குக்கூடச் சுவரில் முதுகை ஒட்டித்தான் உட்காருவார். குழியிலிருந்து எடுக்கும் தோல் மாறிப்போயிருக்குமோ என்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் தன் வெட்டுக்குறியைத் தடவிப் பார்ப்பார்.

அவர் மல்லாந்து நீந்தியதும் அதனால்தான். குப்புற நீந்துகிறவனுக்குப் பின்னால் வருகிறவன் தெரியமாட்டான் என்பார். ஷாப்புகளுக்கிடையே ஏரியில் நடக்கும் மல்லாந்து நீச்சல் போட்டியில் அவரை யாரும் ஜெயித்ததில்லை.

1926இல், ஜெயிப்பவரை மதராஸ் போட்டிக்கு அனுப்புவதாக முதலாளிகள் சொன்னார்கள். அப்பா அதுவரை ரயில் ஏறியதில்லை. அம்மா புதுச் சட்டை தைத்து வைத்தார். விதி ஒன்றுதான்: கரை தொடும்வரை புரளக் கூடாது.

பாதி ஏரியில் அப்பா முன்னால்; அடுத்து, பக்கத்து ஷாப்பு வேலாயுதம். திடீரென்று வேலாயுதத்தின் தலையைக் காணோம். தன் காலை இழுக்க வருகிறான் என்று நினைத்த அப்பா புரண்டு முழுகினார். அடியில் கொடி சுற்றிக் கிடந்தவரை, குழியிலிருந்து தோலை இழுப்பதுபோல் இழுத்துக் கரையில் போட்டார்.

மூன்றாவதாக வந்தவன் மதராஸ் போனான். அப்பாவுக்கு மாலை போட்டு, உயிர் காத்தவர் என்றார்கள்.

"காப்பாத்தப் போகல. திருடனப் புடிக்கப் போனேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கால் நரம்பு இழுத்துக்கொண்டதாக வேலாயுதம் சொன்னதை ஊர் நம்பியது. ஓவர்சியருக்குப் படித்த நானும் நம்பினேன். அப்பாவின் சந்தேகத்தை ஒரு வியாதி என்றே நினைத்தேன்.

போன வாரம் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். திறந்திருந்த சவப்பெட்டியருகே வெகுநேரம் நின்ற வேலாயுதம் என்னை வெளியே கூப்பிட்டார்.

"தம்பி, உங்கப்பா சொன்னது நெஜம். கால இழுக்கத்தான் முழுகினேன். கொடியில மாட்டிக்கினேன்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"தெரிஞ்சவர்கிட்ட இன்னாத்த சொல்றது? பாக்கறப்பல்லாம், 'இன்னாடா, இன்னிக்கி யார் கால இழுக்கப் போற'ம்பாரு."

"ஊருக்குத் தெரியாதே, மாமா."



பெட்டியைத் தூக்கும்போது வேலாயுதமும் தோள் கொடுக்க வந்தார். கால் பக்கம் முன்னால் போவதுதான் வழக்கம். நான் பெட்டியைத் திருப்பச் சொன்னேன். தூக்குகிறவர்கள் தயங்கினார்கள். அம்மா தலையசைத்தார். நீந்தும்போது போனதுபோலவே அப்பாவின் தலை முன்னால் போனது.

"நீங்க தோள் குடுக்க வேணாம், மாமா" என்றேன். "பின்னால வாங்க. அவருக்குத் தெரியற மாதிரி."

கல்லறை வரைக்கும் வேலாயுதம் அப்படியே வந்தார்.