ஒரு நாள் கடையை மூடு

அந்தப் பெரிய கடையில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் ரிப்பன் அக்கா. முதல் மாடியில், நகரும் படிக்கட்டு வந்து சேரும் இடத்துக்கு எதிரே, பரிசுச் சாமான்களுக்குக் காகிதம் சுற்றிக் கொடுக்கும் மேசை அவளுடையது. பந்து, குடை, வாளி, கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும் வாணலி என்று எந்தக் கோணல் சாமானைக் கொடுத்தாலும் சரி, மடிப்பு எங்கே முடிந்தது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. கத்தரிக்கோல் முனையில் ரிப்பனை ஓர் இழுப்பு இழுப்பாள். அது சுருண்டு பூவாக உட்காரும். "உள்ள இருக்கிறதைவிட மேல இருக்கிறது நல்லா இருக்கே" என்பார்கள் வாங்கினவர்கள். பல நேரங்களில் அது பாராட்டு இல்லை, உள்ளது உள்ளபடிதான்.

வருஷக் கடைசி விடுமுறை நெருங்கிவிட்டால் கூட்டம் நெட்டித் தள்ளும். விடுமுறை முடிந்த மறுவாரமே அவள் மேசைக்கு மேலே இருக்கும் பலகையை மாற்றி, 'சாமான் திருப்பித் தருமிடம்' என்று மாட்டுவார்கள். தான் சுற்றியதைத் தானே உட்கார்ந்து பிரிப்பாள். சில பெட்டிகள் பிரிக்கப்படாமலே, அவள் வைத்த பூ வாடாமல் வந்து நிற்கும். மாமியார் எடுத்துக் கொடுத்த தேநீர்க் கோப்பைகளை மருமகள் கொண்டு வருவாள். மருமகள் எடுத்துக் கொடுத்த துவாலையை மாமியார் கொண்டு வருவார். ஒரு தடவை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படியேறி வந்துவிட்டார்கள். மாமியாரைத் தலையணைப் பிரிவு பக்கம் பேச்சுக் கொடுத்து நகர்த்தி, ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது ரிப்பன் அக்காதான். அதற்கெல்லாம் சம்பளத்தில் தனியாக எதுவும் கிடையாது.

அவள் வீட்டு லட்சணமும் அதேதான். கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பாதி விலை என்று எழுதி ஒட்டியிருந்தால் பாம்பைக்கூட வாங்கி வந்துவிடுவார். வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. அவர் சட்டை மட்டும் கசங்கியே இருக்கும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எதையாவது கொண்டு வந்து, இலவசத்தை மாடி வீட்டில் இருக்கும் தங்கைக்குக் கொடுப்பார். அந்த நாத்தனாரும் அண்ணன் ரத்தம்தானே? அவளும் அதையே வாங்கி, இலவசத்தை அண்ணனுக்கென்று எடுத்து வைத்திருப்பாள்.

கடை வருஷத்தில் ஒரே ஒரு நாள் மூடியிருக்கும். விடுமுறை நாள் அன்றைக்கு. மற்ற நாள்களில் கணவர் அடுப்பங்கரையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடுவார். அவள் கடையின் சரக்கு அறையில் அட்டைப் பெட்டி மேல் டப்பாவை வைத்துச் சாப்பிடுவாள். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகன் என்ன சாப்பிடுகிறான் என்பது அவனுக்கே தெரியாது. அந்த ஒரு நாள் மட்டும் மகன் வருவான், நாத்தனார் இறங்கி வருவாள், மதியம் எல்லோரும் மேசையில் உட்காருவார்கள். உட்கார்ந்தால் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். கை காய்ந்தாலும் சரி, பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தன் குடும்பத்தை உட்கார்ந்த நிலையில் அவள் பார்ப்பது அன்றைக்குத்தான்.

இந்த வருஷம் மேனேஜர் அந்த நாளில் கை வைத்தார்.

காலையில் எல்லோரையும் செருப்புப் பிரிவுக்கு முன்னால் நிற்க வைத்துப் பேசினார். "நம்ம கடை ஒரு குடும்பம். விடுமுறை அன்னைக்குக் குடும்பத்தோட இருக்கறதுதானே சந்தோஷம்? அதனால இந்த வருஷம் அன்னைக்கும் கடை திறந்திருக்கும்."

பில் போடும் பெண், ரிப்பன் அக்காவின் காதருகே முணுமுணுத்தாள். "குடும்பம்னா கோவிச்சுக்கிட்டு வெளிய போயிடலாமாக்கா?"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மகன் ஊருக்கு வர ஏற்கெனவே டிக்கெட் எடுத்துவிட்டான்.

அவள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற பொருளாதார வாத்தியார் ஒருவர் இருந்தார். விடுமுறைக் காலம் வந்தால், கண்டதையும் வாங்கிக் குவிக்கும் வெறியை எதிர்த்து வாராவாரம் கடைத்தெருவில் ஊர்வலம் போவார். அவருடைய இயக்கம் பஸ்ஸை நிறுத்திவிடுகிறது என்று இத்தனை வருஷமாக அவரை வாய்க்கு வந்தபடி திட்டியவள்தான் ரிப்பன் அக்கா. அன்று சாயங்காலம் அவர் கதவைத் தட்டினாள்.

"சார், உங்க ஊர்வலத்துல எனக்கு ஒரு இடம் இருக்குமா?"

"இடமா? இடம் எக்கச்சக்கமா இருக்கும்மா. ஆள்தான் இல்ல." அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நீங்க அந்தக் கடையிலதானே வேலை பாக்குறீங்க?"

"அதனாலதான் சார் வர்றேன்."

"யாரும் தேவையில்லாம எதையும் வாங்கக் கூடாதுங்கறது எங்க கொள்கை."

"ஐயையோ, வாங்கட்டும் சார். வாங்கலன்னா எனக்கு யாரு சம்பளம் குடுப்பா? அந்த ஒரு நாள் மட்டும் மூடட்டும். அவ்வளவுதான்."

வாத்தியார் முகத்தைச் சுளித்தார். "இதுக்குப் பேரு சீர்திருத்தவாதம்மா."

"எந்த வாதமோ சார், எனக்கு முட்டிவாதமே போதும். நடக்கணும்னா சொல்லுங்க, நடக்கிறேன்."

அடுத்த ஊர்வலம் ஞாயிற்றுக்கிழமை. கடையில் இருந்து பத்துப் பேராவது வருவதாகச் சொல்லியிருந்தார்கள். "நீங்க முன்னாடி போங்கக்கா, நாங்க பின்னாடியே வர்றோம்" என்றார்கள். பில் போடும் பெண் ஒருத்திதான் வந்தாள், முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு. கண் மட்டும் தெரிந்தது. அதற்கும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

வாத்தியார் எல்லோருக்கும் பச்சைத் தொப்பி கொடுத்தார். தொப்பிக் கட்டின் முடிச்சைப் பார்த்ததும் ரிப்பன் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் நாள் மாலை, யாரோ சுற்றுலா போகிறார்கள் என்று நினைத்து அவளே கட்டிக் கொடுத்த கட்டு.

"சார், இது எங்க கடைத் தொப்பி."

"மொத்தமா எடுத்தா தள்ளுபடின்னாங்கம்மா" என்றார் வாத்தியார், குரலைத் தாழ்த்தி.

தொப்பி இலவசம் என்று கேள்விப்பட்டதும் அவள் கணவரும் ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்.

முன்னால் போனவர்கள் "வாங்காதே! வாங்காதே!" என்றார்கள். பின்னால் இருந்து ரிப்பன் அக்கா "ஒரு நாள் கடையை மூடு!" என்றாள். காகிதத்தோடும் ரிப்பனோடும் மட்டுமே பேசிப் பழகியவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் அவளுக்கே தெரிந்தது. கூட நடந்த துப்பட்டா முகமும் கத்தியது. கொஞ்ச தூரத்தில் "கடையை மூடு" மட்டும் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டது.

நடைபாதையில் நின்ற ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாள். "என்னவாம்?"

"கடையை மூடறாங்களாம்."

"அப்ப இருக்கிற சரக்கையெல்லாம் சல்லிசா தள்ளிடுவாங்களே!"

அவ்வளவுதான். கரும்பு லாரி கவிழ்ந்த மாதிரி ஜனம் கடைக்குள் பாய்ந்தது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஊர்வலம் கடை வாசலுக்கு வந்து நின்றபோது மேனேஜர் வாசல் கதவுகளை அகலத் திறந்து வைத்தார். உள்ளே இருந்து குளுகுளுவென்று காற்று வந்து இயக்கத்தின் முகத்தில் வீசியது. "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று முதலில் உள்ளே போனவர் அவள் கணவர். அப்புறம் ஒவ்வொரு பச்சைத் தொப்பியாக உள்ளே போய் மறைந்தது. வாத்தியாரின் மனைவி பையோடு வெளியே வந்தபோது வாத்தியார் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"என்ன அப்படிப் பாக்குறீங்க? மிதியடிதான். பழசு கிழிஞ்சு போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கடைசியில் வாசலில் நின்றது வாத்தியாரும், ரிப்பன் அக்காவும், கறுப்புக் கண்ணாடியும்தான். மூன்று பேரும் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். சீட்டைக் கிழிக்கப் போகிறார் என்று நினைத்துத்தான் போனாள். அவரோ நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"இந்த சீசன்லயே நேத்துதான் நல்ல வியாபாரம். உங்க ஊர்வலத்துக்கு நான்தான் நன்றி சொல்லணும்." பேனாவை உருட்டினார். "அந்த நாள் உங்களுக்கு மட்டும் லீவு தர்றேன் அக்கா. ஸ்பெஷலா. வெளிய சொல்லிக்காதீங்க."

எல்லாருக்கும் தந்தால் எனக்கும் தாருங்கள் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. தொண்டையில் மகன் டிக்கெட்டோடு நின்றிருந்தான்.

"சரி சார்" என்றாள்.

சலுகை என்றதும் வாயைப் பிளப்பதாகக் கணவரை எத்தனை தடவை ஏசியிருப்பாள்! அன்று முழுக்கத் தலை நிமிராமல் காகிதம் சுற்றினாள். மடிப்புகள் கோணலாக விழுந்தன.

விடுமுறை நாள் வந்தது. விடியலிலேயே எழுந்து கோழி வேக வைத்து, குழம்பு கூட்டி, கிழங்கு வறுத்து, பாலைக் காய்ச்சி இனிப்பு செய்தாள். மகன் வந்து சேர்ந்து, "வாசனை தெருமுனை வரைக்கும் வருதும்மா" என்றான். மேசை துடைத்துத் தட்டு வைக்கப் போகிற நேரத்தில் கணவர் சட்டையை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஒரு எட்டு உங்க கடைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். இன்னைக்கு மட்டும்தானாம். நாளைக்கு அந்த விலை இருக்காது."

"நாளைக்கு இந்தச் சோறும் இருக்காது."

"அரை மணி நேரம்தான், கோவிக்காத."

அண்ணனைக் கூட்டி வருகிறேன் என்று நாத்தனார் போனாள். அத்தையைக் கூட்டி வருகிறேன் என்று மகன் போனான். குழம்பில் ஏடு கட்டியது. போன் போட்டால், "லைன்ல நிக்கிறோம்மா, இப்ப வந்துடுவோம்" என்றான். பின்னால் கடையின் ஒலிபெருக்கி பாடுவது கேட்டது.

ரிப்பன் அக்கா அடுப்பை அணைத்தாள். வீட்டுச் செருப்போடு, கையில் கரண்டியோடு கிளம்பிவிட்டாள். கரண்டி கையில் இருப்பது கடை வாசலில் காவலாளி அதை வாங்கிச் சோதித்தபோதுதான் தெரிந்தது. "உள்ள யாரை அடிக்கப் போறீங்கக்கா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

முதல் மாடியில், அவளுடைய மேசைக்குப் பின்னால் பில் போடும் பெண் நின்று காகிதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் பசை நாடா. அவள் சுற்றிய பெட்டி ஒவ்வொன்றும் கட்டுப் போட்ட கால் மாதிரி இருந்தது. வரிசை படிக்கட்டு வரைக்கும் நீண்டது. நடுவில் கணவரும் நாத்தனாரும் மகனும், ஆளுக்கொரு பெட்டியோடு.

பில் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "வாங்கக்கா. லீவெல்லாம் எப்படி இருக்கு?"

ரிப்பன் அக்கா மேசை அருகே போனாள்.

"மேனேஜரே சொல்லிட்டார். அவங்க கேட்டாங்க, குடுத்தேன். நீங்க யாரும் கேக்கலையேன்னு சொல்றார். நான் என்னவோ எல்லாருக்கும் சேர்த்துத்தான் கத்துறோம்னு நெனச்சு, மூஞ்சிய மூடிக்கிட்டுத் தொண்டை கிழியக் கத்துனேன்."

கரண்டியை எங்கே வைப்பது என்று ரிப்பன் அக்காவுக்குத் தெரியவில்லை. "தப்புதான்" என்றாள். மறுபடியும் சொன்னாள். "தப்புதாண்டி. நீ சாப்டியா?"

"சாப்பிடறதா? பின்னாடி லைனைப் பாருங்க."

ரிப்பன் அக்கா திரும்பி வரிசைக்கு நடுவே போனாள். கணவர் கையில் இருந்த பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தாள். "வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

"எதை?"

"சட்டி, பானை, தட்டு, சோறு, எல்லாத்தையும்."

"இங்கயா? ஏய், எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நான் இன்னைக்கு உட்கார்ந்து சாப்பிடணும். நீங்க எல்லாம் இங்க இருக்கீங்க. கடைப் பிள்ளைங்களும் இங்க இருக்குதுங்க. நான் மட்டும் அங்க உட்கார்ந்து யார் மூஞ்சிய பாக்கறது?"

மகன் அப்பாவின் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். வாடகை வண்டி பிடித்து, மடியில் குழம்புச் சட்டியோடு வந்து சேர்ந்தார்கள். ரிப்பன் அக்கா பரிசுக் காகிதச் சுருளைத் தரையில் நீளமாக உருட்டி விரித்தாள். செருப்புப் பிரிவு, தலையணைப் பிரிவு, சரக்கு அறை என்று ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் காவலாளியும் உட்கார்ந்தான். வரிசையில் நின்றவர்கள் மிரண்டு பார்த்தார்கள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வரிசை மெல்ல வளைந்து குழம்புச் சட்டிப் பக்கம் திரும்பியது.

"எது வாங்கினா இது இலவசம்?" என்று ஓர் அம்மாள் கேட்டாள்.

"எது வாங்கினாலும் இல்லம்மா. இது விக்கிறதுக்கு இல்ல."

"அப்ப எந்த மாடியில குடுக்கறாங்க?"

மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "என்னக்கா இது! கவுண்டர்ல ஒருத்தர்கூட இல்ல!"

"சாப்பிடறாங்க சார்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நின்னுக்கிட்டே சாப்பிட்டா சீக்கிரம் முடியும். உட்கார்ந்துட்டாங்களே."

திட்டத்தான் வாயைத் திறந்தார். சுற்றிலும் வாடிக்கையாளர்கள். திறந்த வாயை அப்படியே சிரிப்பாக மாற்றிக்கொண்டார். நாத்தனார் ஒரு தட்டை அவர் கையில் திணித்துவிட்டாள். கணவர், தான் வைத்துவிட்டு வந்த பெட்டி யார் கைக்காவது போய்விடுமோ என்று எட்டி எட்டிப் பார்த்தாலும், எழுந்திருக்கவில்லை.

பில் போடும் பெண் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டாள். ரிப்பன் அக்கா அவள் எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள்; வாயில் வைக்கவில்லை.

"குழம்புல உப்பு தூக்கல்" என்றாள் பில் பெண், நிமிராமலே.

"அப்படியா?"

"ஆமா. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."