ரெக்கார்டுக்கு வைத்த பொட்டு

பிள்ளைகளே, நம் வீட்டு ஜாஸ் ரெக்கார்டுகள் எங்கிருந்து வந்தன என்று சின்னவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பெரியவளுக்கும் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

அரக்கோணத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவர், ஓடாத ரெக்கார்டு பிளேயரை நம் மோட்டார் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டி ஓடவிட்டேன். சோதித்துப் பார்க்க அவர் கொடுத்த ரெக்கார்டில் யாரோ சாக்ஸபோன் வாசித்தார்கள். கல்யாண ஊர்வலத்தில் கேட்காத ஊதலா என்றுதான் முதலில் நினைத்தேன். இது வேறு மாதிரி. ஒரு மெட்டைச் சொல்லிவிட்டு, அதை விட்டு வெளியே போய், எங்கெங்கோ சுற்றி, நாம் மறந்தே போன நேரத்தில் வீடு திரும்புகிறது. கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றபடியே ஒரு பக்கம் முழுக்கக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்ல இத கேக்க ஆளு இல்லீங்க, நீங்களே வச்சிக்கோங்க" என்று பிளேயர், ஒரு பெட்டி ரெக்கார்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து, செம்புக்கம்பி வாங்கச் சென்னை போகும்போதெல்லாம் பழைய சாமான் கடைகளில் ஜாஸ் தேடுவது பழக்கமாகிவிட்டது.

உங்கள் மாமாவுக்கு இது பெரிய வேடிக்கை. "இன்னா பாவா, இவ்ளோ நேரமா வாசிச்சிகினே கீறாங்க, பாடறவரு இன்னும் வரலியா?" என்பார். அம்மா உள்ளேயிருந்து, "அவரு வர்ற பள்ளிப்பட்டு பஸ்ஸு லேட்டு போல" என்பாள்.

முள் வைக்கும் வேலை மட்டும் எப்போதும் பெரியவளுடையது. ஓரத்தை மட்டும் பிடித்து ரெக்கார்டை வைத்து, மூச்சை அடக்கி, பூ வைப்பதுபோல முள்ளை இறக்குவாள். அந்தப் பக்குவம் என் கைக்கு வராது.

ஆயுத பூஜை அன்று கடையில் பூசணிக்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சரஸ்வதி படத்துக்கு முன் உங்கள் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. பக்கத்தில், உறையிலிருந்து எடுத்து வைத்த அந்த சாக்ஸபோன் ரெக்கார்டு. கறுப்பு வரிகளின் மேல் மூன்று இடத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"நைனா, உனக்குப் புடிச்சதுக்கும் பொட்டு வச்சிட்டேன்!" என்றாள் பெரியவள்.

"நடுவுல பேப்பர் ஒட்டிகீதே, அதுல வச்சிருக்கலாமேம்மா?"

"அதுல எழுத்து கீது நைனா. எழுத்த மறைச்சா சரஸ்வதிக்குக் கோவம் வரும்ல?"

பாட்டு இருப்பதே அந்தக் கறுப்பு வரிகளில்தான். ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் போய்விடும். கையை நீட்டினேன்.

"பூஜைல வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும், தொடாதீங்க" என்றாள் அம்மா. கையை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மறுபூஜை முடிந்து துடைத்தபோது சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. போட்டுப் பார்த்தோம். முள் சிக்கி, ஒரே துண்டு திரும்பத் திரும்ப வந்தது.

"நைனா, சொன்னதையே சொல்லிகினு கீறாரு!" என்று சின்னவன் குதித்தான். பெரியவள் சிரிக்கவில்லை.

"நான் வச்ச சந்தனமா நைனா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆங், காஞ்சி போச்சும்மா."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். "இனிமே இவங்க கைக்கு எட்டாத எடத்துல வைங்க" என்று அம்மா சொன்னதைக் கேட்டு நானும் ரெக்கார்டுப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றினேன். அதை அவள் கதவோரம் நின்று பார்த்தது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு பாட்டுப் போட்டால் அவள் வருவதில்லை. கூப்பிட்டால், "ஹோம்வொர்க் கீது நைனா." ரெக்கார்டு போனால் வேறொன்று தேடிப் பிடிக்கலாம். இவள் வராமலே போய்விடுவாளோ என்றுதான் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் அந்த ரெக்கார்டை வரிகளின் போக்கிலேயே தேய்த்துக் கழுவி உலர்த்தினேன்.

"ஏம்மா, முள்ளு வைக்க ஆளில்ல."

"தம்பிய வைக்கச் சொல்லு."

"அவன் வச்சா ரெக்கார்டு மலக்கோயில் படில உருண்டுகினு போவும்."

வந்தாள். மூச்சை அடக்கி முள்ளை இறக்கினாள். சிக்கிய இடம் வந்தது. டிக், டிக், டிக். நிற்காமல் தாண்டிப் போனது. அடுத்த சுற்றிலும் அதே மூன்று டிக்.

"தாளம் போடறாங்கடோய்!" என்றான் சின்னவன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். பிறகு, "நைனா, அந்தப் பக்கமும் போடட்டா?" என்றாள்.

சாயங்காலம் அம்மாவோடு நீங்கள் இருவரும் மலைக்கோயிலுக்குக் கிளம்பினீர்கள். எனக்குக் கடையில் வேலை என்று சொன்னேன். நீங்கள் தெருமுனை திரும்பியதும் ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினேன். அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த என் சால்டரிங் சாமான்களை மேலே ஏற்றிவிட்டு, பெட்டியை அங்கே, மூடி திறக்க இடம் விட்டு, முன்னால் இழுத்து வைத்தேன்.