ஊரெல்லாம் ஒரே சிரிப்பு

தெருவில் அவரைப் பல்லுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்காக டாக்டர் என்று நினைத்துவிடக் கூடாது. பல் டாக்டர்கள் நோயாளிகள் வாயில் எடுக்கும் அச்சுகள் பெட்டி பெட்டியாக அவருடைய பட்டறைக்கு வரும். அவர் பல்செட் செய்து திருப்பி அனுப்புவார். யாருடைய வாய், எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. முகத்தைப் பார்க்காமலே முகத்துக்குக் களை கொடுக்கிற வேலை. அந்தப் பழக்கத்திலோ என்னவோ, வீட்டில் இருந்த முகத்தையும் மனுஷர் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

அவர் மனைவியின் மேல்வரிசையில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறி உட்கார்ந்திருக்கும். அவள் சிரித்தால் எதிரில் இருப்பவர் காரணம் தெரியாமலே சிரித்துவிடுவார். அந்த மேல்வரிசையே போனது இவரால்தான். ஸ்கூட்டரில் அவளைப் பின்னால் உட்கார வைத்து ஊர்க்கதை பேசிக்கொண்டே போனவர் வேகத்தடையைக் கவனிக்கவில்லை. அவள் முகம் குப்புற விழுந்தாள்.

குற்ற உணர்ச்சியில் சாப்பாடு தூக்கம் இல்லாமல் அவளுக்கு ஒரு செட் செய்தார். நூல் பிடித்த மாதிரி வரிசை, முத்து மாதிரி நிறம். அவள் மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை. சிரிப்பு வருகிற மாதிரி இருந்தால் கை போய் வாயை மூடிக்கொள்ளும்.

இப்படி இருக்கையில், கல்யாண நாளுக்குக் கடலோரமாக எங்காவது போய் வரலாம் என்று அவளே சொன்னாள். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. காரைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியவர், அவள் பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தார். ஒரு ராத்திரி தங்கிவிட்டு வர அத்தனை பெரிய பெட்டியா?

"திரும்பி வரும்போது கூட்டு ரோட்டுல தங்கச்சி வீட்டுப் பக்கம் திருப்பிடுங்க" என்றாள். "கொஞ்ச நாள் அங்க இருக்கேன்."

அந்தக் கொஞ்ச நாளுக்கு முடிவு கிடையாது என்பது அவருக்குப் புரிந்தது. சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் மெழுகுத் துண்டைப் பிசைந்துகொண்டே வண்டியை ஓட்டினார். மனசு சரியில்லாவிட்டால் அவருக்கு அது ஒரு பழக்கம்.

அவர்கள் போய்ச் சேர்ந்த கடலோர ஊரில் அலைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. கதவுகள் திறந்து கிடந்தன, உள்ளே யாரும் பேசுகிற மாதிரி தெரியவில்லை. விடுதிக்கு வழி கேட்டதற்குக் கடைக்காரர் கையால் திசையைக் காட்டிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது பல்லுக்காரருக்கு. கொஞ்ச தூரத்தில் படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். மாடியில் துணி உலர்த்திய பெண் சிரித்தாள். வெவ்வேறு முகங்கள்தான். சிரிப்பு மட்டும் ஒன்று.

மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, இவங்க எல்லாரும் என்னை மாதிரி சிரிக்கிறாங்க."

வெயில் பிரமை என்று சமாளித்தார். விடுதிக்கார அம்மா கதவைத் திறந்து வாய் நிறையச் சிரித்தபோது சமாளிக்க ஒன்றும் மிச்சமில்லை. ஒரு முன்பல் பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறி உட்கார்ந்திருந்தது. அவர் விட்ட சிறு சாய்வு, அவர் தேய்த்த விளிம்பு. அது அவருடைய கைவேலை.

இந்த ஊர்த் தண்ணீர் பல்லை அரித்துவிடும் என்றும், நடுவயது தாண்டினால் எல்லோருக்கும் செட்டுதான் என்றும், பக்கத்து டவுன் டாக்டர் அச்செடுத்து எங்கேயோ அனுப்பி வாங்கித் தருகிறார் என்றும் அந்த அம்மா சொன்னாள். அந்த எங்கேயோ தன் பட்டறைதான் என்று பல்லுக்காரருக்குப் புரிந்தது. முன்பின் தெரியாத வாய்களுக்குச் செய்யும்போது அவர் யோசித்ததே இல்லை. கை தன் பாட்டுக்கு அதற்குத் தெரிந்த சிரிப்பை அடுக்கும். ஒரே ஒருத்திக்கு மட்டும்தான் யோசித்து யோசித்துச் செய்தார்.

மறுநாள் காலை கூடத்தில் வைத்து மனைவி கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"ஊருக்கெல்லாம் என் சிரிப்பைக் குடுத்திருக்கீங்க. எனக்கு மட்டும் ஏன் யாரோடதையோ மாட்டி விட்டீங்க?"

"உனக்காவது குறையில்லாம இருக்கட்டும்னுதான்..."

"அது குறைன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

பழைய மாதிரியே ஒரு செட் செய்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் அவளுடைய பழைய பல்லுக்கு ஓர் அச்சு கூட அவரிடம் கிடையாது. தலையால் நினைத்துப் பார்த்தால் அந்தச் சாய்வு வரவே மாட்டேன் என்றது. சட்டைப்பையில் இருந்த மெழுகை எடுத்தார். விடுதிக்கார அம்மாவிடம் போய், அது தான் செய்த செட்டு என்று சொல்லி, கொஞ்சம் கழற்றித் தர முடியுமா என்று கூசிக் கூசிக் கேட்டார்.

அந்த அம்மா தயங்கவில்லை. இப்படி ஒருத்தர் கேட்டு வருவார் என்று காத்திருந்தவள் போல, கழற்றிக் கழுவி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவள் கன்னங்கள் உள்ளே போய், முகம் சட்டென்று வேறு யாருடையதோ ஆனது. செட்டில் இன்னும் வாயின் சூடு இருந்தது.

வெந்நீரில் மெழுகை இளக்கி முன்வரிசையை அதில் பதித்தார். மெழுகிலிருந்து அவர் செட்டைப் பிரித்ததும் மனைவி அதை வாங்கிக்கொண்டு கூடத்துக் கண்ணாடி முன் போனாள். மூடிய உதட்டின் மேல் அதைப் பிடித்தாள். ஸ்கூட்டரில் ஏறுவதற்கு முன்னால் அவர் கடைசியாகப் பார்த்த பெண் கண்ணாடியில் நின்றாள். வாய் சிரித்தது, கண் அழுதது. பல்லுக்காரர் அதை வாங்கிக் கழுவி அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

கிளம்பும்போது தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். யாரும் கையாட்டவில்லை, சிரித்தார்கள். வளைவு தாண்டும்வரை பின்கண்ணாடியில் அவள் சிரிப்பு வீடு வீடாக நின்றுகொண்டே இருந்தது.

கூட்டு ரோட்டுக்கு முன்னால் பல்லுக்காரர் தங்கை வீட்டுப் பக்கம் இண்டிகேட்டரைப் போட்டார். போகத்தான் வேண்டுமா என்று கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. பெட்டி பின்னால்தான் இருந்தது. அவள் மடியில் கைக்குட்டையை விரித்து, மெழுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வாயை மூடிக்கொள்ள இப்போது கை இல்லை.

"வெயில்ல மெழுகு இளகுதுங்க" என்றாள். "சீக்கிரமா நம்ம வீட்டுக்கு விடுங்க."