கடற்பாசிப் பொடியும் என் பெயரும்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் சென்னையில் கடற்பாசியை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ராமேஸ்வரம் பக்கத்துக் கடலில் கிடைக்கும் சிவப்புப் பாசியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுப்போம். உதட்டில் கொப்புளம் போடும் வைரஸை அது கொல்லாது. வைரஸின் மேல் படிந்துகொண்டு, செல்லில் ஒட்டவிடாமல் தடுக்கும். ஒட்ட முடியாத வைரஸால் உள்ளே நுழைய முடியாது. இதெல்லாம் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் பார்த்தது. மனித உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்பது எங்களுக்கே தெரியாது.

திருவண்ணாமலை பக்கம் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம் எங்களுடையது. வேன் ஓட்டும் என் அண்ணனுக்கு என் படிப்பில் அவ்வளவு பெருமை. தன் வேனில் அடிக்கடி வரும் ஒரு வியாபாரியிடமும் சொல்லியிருக்கிறான். செங்கம் ரோட்டில் வீடு பிடித்துக் கடற்பாசிப் பொடி விற்றுக்கொண்டிருந்த ஆள் அவர். நான் லீவில் வந்த சமயம், திருவண்ணாமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்.

"சும்மா மேடையில உக்காரு போதும். நான் வாக்கு குடுத்துட்டேன்," என்றான் அண்ணன்.

போனேன். சீக்கு எதுவானாலும் தன் பொடி தீர்த்துவிடும் என்று அந்த வியாபாரி மைக்கில் பேசினார். என்னைக் காட்டி, "இவங்களே கண்டுபுடிச்சது!" என்றார். முன்வரிசையில் ஒரு பெண், எலும்பும் தோலுமாக இருந்த கணவனைத் தோளில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். எழுந்து என்னைக் கேட்டாள்: "மேடம், டிபி மாத்திரைய நிறுத்திட்டு இதையே குடுக்கச் சொன்னாருங்க. நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு. இருமல் ஜாஸ்தியாதான் இருக்குது. இன்னும் எவ்ளோ நாள் குடுக்கணும்?"

எழுந்துபோய் வியாபாரியின் கையிலிருந்து மைக்கை வாங்கினேன்.

"டிபி வைரஸால வர்றதே இல்லம்மா, அது பாக்டீரியா. இந்தப் பொடி அதுக்கு ஒண்ணும் பண்ணாது. நான் எந்த மருந்தும் கண்டுபுடிக்கல."

மைக் செத்தது. யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். நான் தொண்டையைத் திறந்து கத்தினேன். "ஆஸ்பத்திரி மாத்திரைய யாரும் நிறுத்தாதீங்க!"

"பொம்பளப் புள்ள, மரியாதையா கீழ எறங்கு," என்றார் வியாபாரி.

"என் பேரைச் சொல்லி இனி ஒரு டப்பா விக்காதீங்க. வித்தா, இதே மாதிரி எல்லா கூட்டத்துக்கும் வருவேன்."

கீழே இறங்கி அந்தப் பெண்ணையும் அவள் கணவரையும் ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் திட்டினார். பிறகு சளியைச் சோதித்து மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார்.

அன்று வீட்டில் அண்ணன் சாப்பிடவில்லை. "ஊரு முன்னாடி என்னைத் தலைகுனிய வெச்சிட்டே."

"நீ ஏன் என்னைக் கேக்காம வாக்கு குடுத்தே? இன்னொரு தடவ குடுத்தாலும் இதையேதான் பண்ணுவேன்."

பொங்கல் வரைக்கும் அவன் என்னோடு பேசவில்லை. பொடி விற்பனையும் நிற்கவில்லை. ஆனால் டப்பாவில் என் பெயர் வரவில்லை. அடுத்த வருடம் அந்தப் பெண்ணின் கணவர் கடைத்தெருவில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரியாமல், "ஒத்துங்கம்மா," என்றார். சந்தோஷமாக ஒதுங்கினேன்.