இடது இருக்கையின் எடை

மாமா கார் வாங்கியபோது எங்கள் வீட்டில் மனமார மகிழ்ந்தவள் நான் ஒருத்திதான். அவர் அம்மாவின் ஒரே தம்பி. பெற்றோர் போன பிறகு அம்மாதான் அவரை வளர்த்து ஆளாக்கினாள். அம்மா கல்யாணமாகி வரும்போது பீரோவோடும் கட்டிலோடும் ஒரு தம்பியும் சேர்ந்து வந்தான் என்று அப்பா கேலி செய்வார். கோலாலம்பூருக்குப் பக்கத்தில், சுங்கை வேயில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்னறை மாமாவுடையது.

கார், வேகத்துக்கென்றே செய்த பழைய ஜப்பான் கார். வாங்கிய கையோடு ஸ்பிரிங்குகளை மாற்றி அதைத் தரையோடு தரையாக இறக்கிவிட்டார். அப்பாவிடம் மோட்டார் சைக்கிள் மட்டும் இருந்ததால் குடும்பத்துக்கும் அதுவே கார். எங்கள் குடியிருப்பின் வாசலில் ஒரு வேகத்தடை உண்டு. அதன் முன்னால் கார் நின்றதும் நாங்கள் எல்லோரும் இறங்கிவிடுவோம். மாமா மட்டும் காரைக் கோணலாகத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மேட்டைத் தாண்டுவார். மறுபக்கம் நடந்துபோய் நாங்கள் ஏறிக்கொள்வோம். பட்டுப்புடவையும் நகையுமாக அம்மா இறங்கி நடப்பதைப் பார்த்துக் காவலாளி முகத்தைத் திருப்பிக்கொள்வார். சிரிப்பை அடக்கத்தான் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் காரில் இரண்டு விஷயங்கள் எனக்குப் புரியவில்லை. ஒன்று, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் கார் ஒரு பக்கமாக ஒதுங்கும். டயர்களின் உட்பக்கம் மட்டும் மொட்டையாகிக் கிடக்கும். இரண்டாவது, இடது பக்கத்து முன்னிருக்கை. அம்மா எப்போது ஏறினாலும் அது முன்னால் தள்ளியே இருக்கும். முழங்கால் இடிக்கிறதென்று திட்டிக்கொண்டே, கீழே இருக்கும் கம்பியைத் தூக்கி இருக்கையைப் பின்னால் தள்ளுவாள். மறுவாரம் பார்த்தால் பழையபடி முன்னால் இருக்கும்.

"ஸ்பிரிங் ஹார்டா இருக்குலக்கா, பள்ளத்துல விழுந்தா சீட்டு தானா நகந்துரும்" என்றார் மாமா.

நான் நம்பினேன். அந்த அதிசயத்தை நேரில் பார்த்துவிட வேண்டுமென்று பின்னாலிருந்து எத்தனையோ பள்ளங்களில் அந்த இருக்கையையே கவனித்தேன். ஒருநாளும் அது நகரவில்லை. பள்ளம் போதவில்லை போலும் என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த வருடம் அம்மா மாமாவுக்குப் பெண் தேடினாள். எந்தப் படத்தைக் காட்டினாலும் மாமா சரி என்றும் சொல்ல மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். வளர்த்த அக்காவிடம் எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. கடைசியில் அம்மாவே பொறுமை இழந்து, கிள்ளானில் ஒரு வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டாள். பிடித்திருந்தால் அன்றைக்கே பேசி முடித்துவிடுவது என்றும் தீர்மானமாகிவிட்டது.

"இந்தத் தவளக் காடியில நான் கிள்ளானுக்கு வரமாட்டேன். ஒழுங்கா செஞ்சிட்டு வா, இல்லன்னா வித்துரு" என்றாள். அவர் நிஜமாகவே பட்டறைக்குத்தான் போகிறாரா என்று பார்க்கச் சனிக்கிழமை என்னையும் கூடவே அனுப்பினாள். ஒற்றர் வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வழியில் மாத அரிசி வாங்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

ஸ்ரீ கெம்பாங்கானில் சக்கர அலைன்மெண்ட் செய்யும் அந்தப் பட்டறையைப் பார்த்ததும் நான் வந்த வேலையை மறந்தேன். காரை மேடையில் ஏற்றி, நான்கு சக்கரங்களிலும் ஏதோ கருவிகளை மாட்டினார்கள். எதிரே திரையில் எங்கள் காரின் நான்கு சக்கரங்களும் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எண்கள். சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. அங்கிருந்த சீன ஃபோர்மன் குனிந்து டயரைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தாழ்த்திய காரில் சக்கரங்களின் தலை உள்பக்கம் சாயும், பாதமும் திசை மாறும் என்று மாமா எனக்கு விளக்கினார். காலை உள்பக்கமாக வைத்து நடப்பவரின் செருப்பு ஒரு பக்கம் தேய்வது மாதிரி என்றார். உடனே என் செருப்பைக் கழற்றிப் பார்த்துக்கொண்டேன்.

கீழே போல்ட்டுகளைத் திருகத் திருகத் திரையில் எல்லாம் பச்சையாயிற்று. வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஃபோர்மன் மாமாவை ஏறி உட்காரச் சொன்னார். அவர் உட்கார்ந்ததும் இரண்டு பச்சைகள் சிவப்பாகிவிட்டன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மனிதர் உட்கார்ந்தால் சக்கரத்துக்குத் தெரிகிறது! காலியாக வைத்துச் சரிபார்த்த காரில் யாரும் ஏறாமலா போகப்போகிறார்கள் என்று ஃபோர்மன் இதற்கு முன் சரிபார்த்த பட்டறைக்காரனைத் திட்டினார். பிறகு மாமாவிடம் மலாயில் கேட்டார்: "போஸ், செலாலு பெராப்பா ஓராங்?" எப்போதும் எத்தனை பேர் போவீர்கள் என்று கேள்வி.

மாமா திரும்பிப் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலைக் காட்டினார்.

என்னை இடது இருக்கையில் ஏற்றினார்கள்.

"நீ எவ்ளோ வெயிட்டு?" என்று மாமா கேட்டார்.

"முப்பத்திரெண்டு. ஸ்கூல்ல பாத்தாங்க."

மாமா இறங்கிப்போய்ப் பின்னாலிருந்து பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ஒரு கணம் யோசித்துவிட்டு இன்னொரு பையையும் கொண்டுவந்து முதல் பையின் மேலேயே ஏற்றினார். எனக்கு வெளியே எதுவும் தெரியாமல் போயிற்று. போதுமா என்று ஃபோர்மன் கேட்க, கச்சிதம் என்றார் மாமா.

அரிசிக்குப் பின்னாலிருந்து நான் கணக்குப் போட்டேன். ஐம்பத்திரண்டு. எங்கள் வீட்டில் அந்த எடையில் ஆள் கிடையாது. அம்மாவின் எடை ராணுவ ரகசியம். ஆனாலும் ஐம்பத்திரண்டைத் தாண்டிப் பல தீபாவளிகள் ஆகிவிட்டன என்பது ஊருக்கே தெரியும்.

"மாமா, நாளைக்கு அப்பா, அம்மா, நான் எல்லாம் வரோமே. அரிசி பத்தாதே?"

"நாளைக்கு ஒரு நாளுதான் லா. அலைன்மெண்ட் எல்லா நாளைக்கும்."

திரும்பி வரும்போது கார் கோடு போட்டதுபோல நேராக ஓடியது. மாமா ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை லேசாக எடுத்துக்காட்டிச் சிரித்தார். எனக்கு மட்டும் அந்தக் கணக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இரவு சாப்பிடும்போது கேட்டுவிட்டேன்.

"நம்ம வீட்டுல ஐம்பத்திரெண்டு கிலோ யாரும்மா?"

"என் வெயிட்டப் பத்தி யாருடி பேசுனா?" என்று அம்மா சீறினாள். நான் அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்திரண்டோடு இரண்டு அரிசிப் பை, இரண்டு விரல், ஒரு நாளுக்கும் எல்லா நாளைக்கும் உள்ள வித்தியாசம், ஒன்று விடவில்லை. அப்பா கை கழுவ எழுந்துவிட்டார், தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. மாமா தண்ணீர் குடித்தார், திரும்பவும் குடித்தார். அம்மா அவர் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, கேட்காமலே அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். பிறகு சமையலறையில் அம்மாவும் மாமாவும் மெதுவாகப் பேசினார்கள். கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸ், பல் கிளினிக் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. பாவம், மாமாவுக்குப் பல்வலி, அதனால்தான் வெறும் தண்ணீராகக் குடித்தார் என்று நினைத்தேன்.

காலையில் அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் செய்தாள்; "மன்னிச்சிக்குங்க" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. ஆனாலும் பட்டுப்புடவை கட்டினாள், பழத்தட்டை எடுத்துக்கொண்டாள். காரில் ஏறி முன்னிருக்கையில் உட்கார்ந்ததும் அவள் முழங்கால் இடித்தது. வழக்கம்போலக் கம்பியைத் தேடிக் கை கீழே போயிற்று. பிறகு அந்தக் கை எதையும் தொடாமல் மேலே வந்து மடியில் கிடந்தது.

"சீட்ட தள்ளிக்கங்கம்மா" என்றேன் பின்னாலிருந்து.

"இருக்கட்டும்டி. அது அங்கயே இருக்கட்டும்."

மாமா சாவியைத் திருப்பிக் காரைக் கிளப்பினார். வேகத்தடையில் இறங்கி நடந்து மறுபடி ஏறினோம். அப்போதும் அம்மா அந்த இருக்கையை நகர்த்தவில்லை. நெடுஞ்சாலைக்கு ஏறும் இடம் வந்தது. ஒரு பக்கம் கிள்ளான், மறுபக்கம் கோலாலம்பூர். அம்மா சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எந்தப் பக்கம் போவணுமோ, திருப்பு தம்பி."

கார் கோலாலம்பூர்ப் பக்கம் திரும்பியது. "மாமா, கிள்ளான் அந்தப் பக்கம்!" என்று கத்தினேன். அப்பா என் தொடையில் கிள்ளினார். மாமா ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு, யாரோ ஒருத்தியின் இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நானோ, நான்கு பேர் ஏறியதும் கார் மறுபடி ஒரு பக்கம் இழுக்க ஆரம்பித்துவிட்டதே, நேற்றே இன்னும் நாலு பை அரிசியை ஏற்றியிருக்கலாமே என்று கவலைப்பட்டுக்கொண்டு வந்தேன்.