இஸ்தான்புல்லின் வலது மூலை

கண்ணால் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் தண்ணீர் வரைந்தே என் பாதி வயது போய்விட்டது.

வில்லியனூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி, ஒரு பழைய நெல் குடோனில் எங்கள் பட்டறை. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் வரைந்த நகரக் காட்சிகளைப் பார்த்து அச்சு அசலாகக் கேன்வாஸில் வரைந்து கொடுப்போம். வெனிஸ், ஆம்ஸ்டர்டாம், இஸ்தான்புல். பாண்டிச்சேரி ஓட்டல்காரர்கள் வாங்கிச் சுவரில் மாட்டுவார்கள். ஒரு படத்தை ஒரே ஆள் வரைவதில்லை. வானம் ஒரு சின்னப் பெண்ணுக்கு, கட்டடமும் ஆட்களும் ஒரு பெரியவருக்கு, தண்ணீர் எனக்கு. ஏம்பலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை தண்ணீர்தான். படம் முடிந்ததும் வலது கீழ் மூலையில் பெரியவர் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுவார். முழுப் படமும் தனியாகப் போடத் தெரிந்தவருக்குத்தான் அந்த மூலை என்பது பட்டறை வழக்கம். எனக்கு அதன் மேல் ஒரு கண். பொய் சொல்வானேன், ஏக்கமே உண்டு.

பெரியவர் கண்ணில் புரை விழுந்து வேலையை விட்டு நின்றுவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, ஒரு படம் முழுசா நீயே போட்டுக் காட்டு. பார்ட்டிக்குப் புடிச்சிட்டா அந்த மூலையில உன் எழுத்தப் போட்டுக்க."

இஸ்தான்புல் துறைமுகம். ஆடியில் தொடங்கினேன். மசூதிக் கோபுரங்கள், பாய்மரங்கள், கரையில் நகத்தளவு மனிதர்கள். மூட்டை சுமக்கும் ஒருவன் இருந்தான். அவன் முதுகு வளைவு சரியாக வர எத்தனை தடவை அழித்தேன் என்று எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரர் லாரியில் அடிபட்டுச் செத்ததிலிருந்து, கை சும்மா இருந்தால் என் மனசு அந்த ரோட்டுக்கே ஓடும். இந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்த நாட்களில் ஓடவில்லை. கடைசியாக வலது மூலையில் கரைக்கல்லின் பழுப்பை இழுத்து, எழுத்துக்கு இடம் விட்டு வைத்தேன். மறுநாள் ஆயுத பூஜை. அதற்கு மறுநாள் விஜயதசமியில் எழுத்தைப் போடலாம் என்று நாள் பார்த்துக் காத்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பூஜையன்று தூரிகை, ஏணி, ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழுவி அடுக்கினோம். சந்தனம், குங்குமத் தட்டை எடுக்க நான் போகவில்லை. தாலி அறுத்தவள் கை அந்தத் தட்டில் படக்கூடாது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, தட்டை என் பக்கம் நீட்டாமல் தாண்டிப் போவார்கள், அவ்வளவுதான். நான் பின்பக்கம் போய்ப் பொரிக்கடலை பொட்டலம் கட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் படத்தின் வலது மூலையில், ஈரம் காயாத பழுப்பில், சந்தனமும் குங்குமமும் கட்டை விரல் அகலத்துக்கு அப்பிக் கிடந்தன.

வானம் வரையும் பெண் சிரித்துக்கொண்டே நின்றாள். "எல்லாத்துக்கும் வச்சேன்கா. இதுக்கு மட்டும் வைக்காம வுட்டா நீ கோச்சுப்பேன்னு நெனைச்சேன்."

அவளை என்ன சொல்வது! டர்பன்டைனில் துணியை நனைத்துக்கொண்டு போனேன். முதலாளியின் மனைவி என் கையைப் பிடித்துவிட்டார்.

"சாமிக்கு வச்ச பொட்டத் தொடைப்பாங்களா? அதுவும் நீயா தொடைக்கிற? வாணாம்மா, சொன்னா கேளு."

அதுவும் நீயா. அந்த இரண்டு வார்த்தை இன்றைக்கும் காதில் இருக்கிறது. துணியைக் கீழே போட்டுவிட்டேன். விஜயதசமியன்று நான் வேலைக்கே போகவில்லை.

அடுத்த வாரம் பார்ட்டி வந்தார்கள். ஓட்டல்கார அம்மா ஒருவர், கூடவே ஒரு பிரெஞ்சுக்காரர். ஆடியிலிருந்து நான் கட்டிய ஊரை அந்த மனிதர் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து மூலையிலேயே நின்றுவிட்டார். இதென்ன சிவப்பு என்று கேட்டார்.

முதலாளி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அது எங்க பட்டறை வழக்கம் சார். பூஜை பண்ணிப் பொட்டு வச்சித்தான் படத்த அனுப்புவோம்."

அடேயப்பா, என்ன வாய்! பிரெஞ்சுக்காரர் பொட்டை மட்டும் கிட்டத்தில் போட்டோ எடுத்தார். படம் அன்றைக்கே வண்டி ஏறியது. இனி எல்லாப் படத்திலும் பொட்டு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"பாஸாயிட்டம்மா! இனிமே முழுப் படம் உனக்குத்தான்," என்றார் முதலாளி. சந்தோஷமாகத்தான் சொன்னார்.

"அப்ப என் எழுத்து?"

"அங்கதான் பொட்டு வருதே. எடம் எங்க இருக்குது?"

 வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். முழுப் படமும் போடுகிறேன். குங்குமம் உதிர்ந்துவிடுகிறது என்று இப்போது பொட்டையும் பெயின்டிலேயே வைக்கிறார்கள். அந்தச் சிவப்பு வேறு யாருக்கும் கூடி வரவில்லை, நான்தான் கலந்து கொடுக்கிறேன். வைப்பது வானம் வரையும் பெண்.

போன வாரம் அவள் லீவு. படம் அனுப்ப வேண்டிய நாள். முதலாளி போன் போட்டார். அவர் மனைவி சமையலைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்கூட்டியில் வந்தார். நான் கலந்து வைத்திருந்த சிவப்பில் விரலைத் தொட்டு, என் படத்தின் மூலையில் வைத்தார். "கலர் நல்லா வந்திருக்குதும்மா," என்று சொல்லிவிட்டு, விரலைத் துடைக்க என்னிடம் துணி கேட்டார். கொடுத்தேன்.